டில்லிபாபு சுட்ட சிறகிகள்

கயலுக்குச் சிறகிக் கறி தின்ன ஆசை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எட்டு மாத வயிற்றுக்காரி வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. மாங்காய் கேட்டால் மாங்காய். சாம்பல் கேட்டிருந்தால்கூட அம்மாக்காரி பாஞ்சாலி அதைச் சலித்துக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்திருப்பாள். இவள் கேட்டது சிறகி, அதுவும் சும்மா சிறகி இல்லை.

"நைனா சுட்டுகினு வருமே, அது. வாயில ரவை தட்டுப்படுமே, அதான் வோணும்."

கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டின சந்தில், ஒன்றரை அறை வீட்டில், சுவரோரம் குந்தி டீ குடித்துக்கொண்டிருந்த டில்லிபாபுவுக்குப் புரையேறியது. மகள் ஆசைப்பட்டாளே என்று இல்லை. அந்தச் சந்தில் ஒருவருக்கும், பெற்ற மகளுக்கும்கூடத் தெரியாத விஷயம் ஒன்று அவனுக்கும் பாஞ்சாலிக்கும் மட்டும் தெரியும். டில்லிபாபு தன் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பறவையைக்கூடச் சுட்டதில்லை.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 'துப்பாக்கி டில்லி' என்றால் சைதாப்பேட்டை வரைக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால், மார்கழி தையில் பள்ளிக்கரணைக் கழுவெளிச் சதுப்பில் காட்டு வாத்து இறங்கும் காலத்தில், அவன் விடியற்காலையில் போய் வந்தால் பாஞ்சாலியின் மீன் கூடையில், மீனுக்கு அடியில், இரண்டு மூன்று சிறகிகள் படுத்திருக்கும். வாத்தில் சின்ன சாதி அது; விசில் அடித்துக்கொண்டே பறக்கும். சாந்தோம் பக்கம் நாலைந்து வீடுகளில் அதற்கென்றே காத்திருந்து வாங்குவார்கள். மிச்சம் ஒன்று வீட்டுச் சட்டிக்கு. குற்றம்தான். அப்போதும் குற்றம், இப்போதும் குற்றம். அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது என்று சொன்னால் இன்றைக்கும் இரண்டு பேருக்கு மனசு கஷ்டப்படும், அதனால் விட்டுவிடுவோம். ஒற்றைக் குழல் துப்பாக்கி. நிறுத்தினால் நெஞ்சுயரம் வரும். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் வேளச்சேரி போவதற்குள் ஜெயிலுக்குப் போய்விடலாம். எனவே, பாஞ்சாலி மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்று லேத்துப் பட்டறை ரகுபதியிடம் கொடுத்துக் குழலை முழங்கை நீளத்துக்கு வெட்டி வாங்கினான். பின்கட்டையையும் பாதி அறுத்தாயிற்று. பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கியது. அடங்கின அன்றைக்கே அது துப்பாக்கி என்கிற யோக்கியதையையும் இழந்தது.

தோட்டாவுக்குள் கடுகு கடுகாக ஈய ரவை இருக்கும். நீளக் குழலில் அது சிதறாமல் போகும். கோணல்மாணலாக வெட்டின குழலில் வாயிலேயே சிதறிப்போகும். பத்தடிக்குள் நின்றால் ஒருவேளை படும், அதற்கு மேல் போனால் பட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. சிறகியோ ஐம்பதடியில் மனுஷன் தலை தெரிந்தாலே எழுந்துவிடும். ஒளித்து வைக்க வசதியாக இருக்கட்டும் என்று சுடுகிற குணத்தையே வெட்டிப் போட்ட புத்திசாலி நம்ம ஆள்.

ஆனால் டில்லிபாபு விடாக்கண்டன். பத்தடிக்குள் போனால்தானே படும், போய்க் காட்டுகிறேன் என்று கிளம்பினான். நாலைந்து காலிப் பானைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டான். நாலு நாளில் வாத்துகளுக்குப் பானை பழகிவிட்டது. ஐந்தாம் நாள், பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். மிதக்கிற பானைதானே என்று வாத்துகள் பேசாமல் இருந்தன. கூட்டத்துக்கு நடுவிலேயே போய் நின்றான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு துப்பாக்கி எதற்கு? தண்ணீருக்கடியில் கையை நீட்டிக் காலைப் பிடித்து ஒரே இழு. பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது.

இதை அப்படியே வெளியில் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம். பானையைக் கவிழ்த்துக்கொண்டு சேற்றில் ஊர்ந்தேன் என்றால் எவன் மதிப்பான்? துப்பாக்கி என்றால் ஒரு கெத்து இருக்கிறது. அதனால் வேலை முடிந்து கரையேறியதும் ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பான், நாலு பேர் காதில் விழட்டும் என்று.

மிச்ச வேலை பாஞ்சாலியுடையது. வாங்குகிறவர்கள் வாயில் ரவை தட்டுப்பட்டால்தான் அது காட்டு வாத்து என்று ஒத்துக்கொள்வார்கள். தட்டுப்படாவிட்டால் பண்ணை வாத்தைத் தலையில் கட்டிவிட்டாள் என்று சண்டைக்கு நிற்பார்கள். ஆகவே அவள் ஒரு தோட்டாவைப் பிரித்து ரவையை எடுத்து, கோணி ஊசியால் நெஞ்சுக்கறியில் துளை போட்டு, வாத்துக்கு மூன்று நாலு என்று திணிப்பாள். ஒவ்வொரு ரவையையும் துப்பி மேசையில் வரிசையாக வைத்து, "நெஞ்சுலயே அடிச்சிருக்கான் பாருங்க" என்று சாந்தோமில் ஒரு பட்டாளத்துக்காரர் மெச்சுவாராம்.

வீட்டுச் சட்டியில் போடுகிற வாத்துக்கும் அவள் திணிக்காமல் விட்டதில்லை. குழந்தை வெளியில் போய் எதையாவது உளறிவிட்டால்? ஈயம் உடம்புக்கு ஆகாது என்று அந்த நாளில் அவர்களுக்கு யார் சொன்னார்கள். ஏழு வயசுக் கயல் தட்டோரத்தில் ரவையைச் சேர்த்து வைத்து, "இன்னிக்கு மூணு நைனா!" என்று காட்டுவாள். டில்லிபாபு மீசையைத் தடவிக்கொள்வான்.

அந்த வேட்டையெல்லாம் நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கழுவெளிக்கு வனத்துறைக்காரர்கள் காவல் போட்டபோது, சேறு எங்கே ஆளை உள்ளே வாங்கும் எங்கே தாங்கும் என்று தெரிந்தவன் ஒருவன் வேண்டும் என்று தேடினார்கள். டில்லிபாபு போய் நின்றான். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். ஆனால் இந்தத் திருடன் சாவியை ஒழுங்காகவே வைத்துக்கொண்டான். தினம் காலையில் காக்கிச் சட்டையோடு தண்ணீரில் இறங்கி, எவனாவது கட்டிவிட்டுப் போன நைலான் வலையை அறுப்பான்; பெருங்குடி குப்பைமேட்டிலிருந்து பறந்து வந்து விழுகிற பிளாஸ்டிக்கைப் பொறுக்குவான். சம்பளத்தைவிட அந்தச் சட்டை மேல் அவனுக்குப் பிரியம் அதிகம். பாஞ்சாலி காந்தி நகரில் தெருத்தெருவாக மீன் விற்றாள். வாழ்க்கையில் பெரிய குறை என்று எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர.

கயல் தி.நகரில் துணிக்கடையில் வேலைக்கு நின்றபோது, பக்கத்துப் பாத்திரக் கடை ஜவஹரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், நல்ல மனுஷர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் முதல் தடவை உண்டானபோதும் அவள் போன் போட்டு இதே சிறகியைத்தான் கேட்டாள். டில்லிபாபு சிரித்தான். "அதெல்லாம் இப்ப தொடக் கூடாது கண்ணு. சிக்கன் வாங்கித் துன்னு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். ஐந்தாம் மாசம் கரு கலைந்துவிட்டது. காரணம் வேறு என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். ஆனால் ஜவஹரின் அம்மா இசக்கியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஆசப்பட்டதத் திங்காத வயிறு" என்று ஒரு வார்த்தை விட்டாள். யாரையும் குத்திச் சொன்னதல்ல. துக்கத்தில் வாயில் வந்தது. ஆனாலும் அந்த வார்த்தை டில்லிபாபுவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டில் உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. கேட்டால் வாயு என்பான்.

இப்போது இரண்டாம் தடவை. அதே மகள், அதே ஆசை.

"கொண்டாறேன் கண்ணு" என்றான்.

பாஞ்சாலி அவனை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடுப்பங்கரை என்றால் ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம். குரலைத் தாழ்த்தி, "இன்னா, வாய் வுட்டுட்ட? உனுக்கு இன்னா சுடத் தெரியும்?" என்றாள்.

"கேட்டுட்டாளே."

"கேட்டா இன்னா. சைதாப்பேட்டை மார்க்கெட்ல வாத்து விக்கிறான். டப்பால ரவை பத்து பாஞ்சி கீது. எப்பவும் போல குத்தி வெச்சா ஆச்சி. இதுக்குப் போய் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு."

"வெளியாளுக்கு வெச்ச, சரி. வயித்துல கீற புள்ளைய ஏமாத்தலாமாடி? ஆசை கேக்கறதே அதுதான?"

"அதுக்கு வாத்தும் தெரியாது, நைனாவும் தெரியாது. அது பாட்டுக்கு தண்ணில மெதந்துகினு கீது."

டில்லிபாபுவுக்குச் சமாதானம் ஆகவில்லை. போன தடவை சிரித்தது போதும் என்று இருந்தது அவனுக்கு. இதற்கு நடுவில் கயல் சந்தோஷம் தாங்காமல் மாமியாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பத்து நிமிஷத்தில் இசக்கியம்மாள் டில்லிபாபுவைக் கூப்பிட்டாள்.

"சம்மந்தி, மருமவ ஆசப்பட்டத வாங்கிக் குடுங்க, வேண்டாங்கல. ஆனா புள்ளத்தாச்சி இருக்க வீட்டுல உசுரக் கொல்லப்படாது, கேட்டியளா? கடையில வெட்டுனா அது கசாப்புக்காரன் பாவம். நம்ம கையால சுட்டா நம்ம பாவம். ஆசையும் தீரணும், பாவமும் சேரப்படாது. நீங்க வெவரமான ஆளு, பாத்துச் செய்யுங்க. ஞாயித்துக்கெழம நானும் வாரேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். ஆசை தீராவிட்டால் குழந்தைக்கு ஆகாது. தீர்த்தால் பாவம், கூடவே வேலையும் போகும், ஜெயிலும் வரும். புதன்கிழமை சாயங்காலம் அடையாறு டெப்போ பக்கம் நடைபாதையில் பொங்கல் பானை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய பானையாகப் பார்த்து வாங்கினான். பாஞ்சாலி பானையையும் அவன் முகத்தையும் பார்த்தாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கழுவெளிக்குப் போனான். பழைய ஐஸ் பெட்டிக்குள், கோணியில் சுற்றி, அந்தக் குட்டைத் துப்பாக்கி. மிஞ்சியிருந்த கடைசித் தோட்டா சட்டைப் பையில். தன் சாவியாலேயே கேட்டைத் திறந்து, உள்ளே போய், மறுபடி பூட்டினான். பன்னிரண்டு வருஷமாக எவன் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அந்தப் பூட்டைப் பூட்டினானோ அவனே உள்ளே நிற்கிறான்.

இந்தத் தடவை காலைப் பிடித்து இழுக்கிற எண்ணம் அவனுக்கு இல்லை. மகள் கேட்டது சுட்ட சிறகி. சுட்டதாகவே இருக்கட்டும், ஒன்றே ஒன்று, ரவையும் உண்மையான ரவையாக இருக்கட்டும், பாவம் என் தலையோடு போகட்டும் என்று முடிவு கட்டியிருந்தான். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத்தான் நினைத்தான். குளிரினாலோ வெட்கத்தினாலோ கழற்றாமலே இறங்கினான். பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, துப்பாக்கியை ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்றின் மேல் வைத்து, அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனான். பானைக்குள் தன் மூச்சு தனக்கே கேட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தால், கோரைப் புல்லுக்கு அந்தப் பக்கம் சிறகிக் கூட்டம். இருநூறுக்குக் குறையாது.

முப்பதடி தூரம் இருக்கும். ஒரு சிறகி தலையைத் தூக்கிப் பானையைப் பார்த்தது. இன்னொன்று பார்த்தது. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் விசில் அடித்துக்கொண்டு எழும்பிவிட்டது.

எழும்பாமல் என்ன செய்யும்? பானையைப் பார்த்துப் பழகின வாத்துகள் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியவை. இன்றைக்கு இருக்கிற வாத்துகள் எதுவும் பானை என்கிற ஒன்றைப் பார்த்ததே இல்லை. டில்லிபாபு அதை யோசிக்கவில்லை. வந்த கோபத்தில் பானையைப் பிடுங்கித் தூர எறிந்தான். "பூடுங்க, எல்லாம் பூடுங்க" என்று கத்திவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில், காக்கிச் சட்டையோடு, நரைத்த தலை நனைந்து ஒட்ட நின்றான். அழுகை வந்தது.

சிறகிகள் போகவில்லை. தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தன. கீழே நிற்பது யார் என்று பார்த்தன போலிருக்கிறது. தினமும் காலையில் வந்து, வலையை அறுத்து, குப்பையைப் பொறுக்கிக்கொண்டு, தானாகப் பேசிக்கொண்டு போகிற ஆள். ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. சளப் சளப்பென்று அவனைச் சுற்றிலும் இறங்கின. ஒன்று அவனுக்கு ஐந்தடியில் உட்கார்ந்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்து, வாயில் பாசியோடு அவனைப் பார்த்தது.

அந்தத் துப்பாக்கியை வெட்டின நாளிலிருந்து முதல் தடவையாக, பானை இல்லாமல், சுடக்கூடிய தூரத்தில் வாத்து. டில்லிபாபு தோட்டாவைப் போட்டான். துப்பாக்கியைத் தூக்கினான். ஐந்தடியில் குருடன் சுட்டாலும் படும். கயலை நினைத்துக்கொண்டான், வயிற்றுப் பிள்ளையை நினைத்துக்கொண்டான். சிறகி அசையவில்லை, பாசியை மென்றுகொண்டிருந்தது.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது தன் வாழ்க்கையில் தனக்கு வரும் என்று அவன் நினைத்ததில்லை. பானைக்குப் பயந்து, சட்டையை நம்பி வந்த பட்சி. பழைய நாளில் ஏமாற்றித்தான் பிடித்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்போது அவை அவனை நம்பினதில்லை, பானையைத்தான் நம்பின. கை தானாகக் கீழே இறங்கியது. தோட்டாவை எடுத்துச் சேற்றுக்குள் அழுத்தினான். துப்பாக்கியை, ஆளை வாங்கும் இடம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்க் குழல் கீழே இருக்கும்படி பிடித்து விட்டான். இரண்டு குமிழி வந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனசு லேசாகிவிட்டது. பாழாய்ப்போன சனியனை எப்போதோ இங்கே விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து, நனைந்த சட்டையைப் பாஞ்சாலியிடம் கொடுத்தான். கயல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சுட முடியல" என்றான்.

"நீ என்னிக்கு சுட்ட?"

"இன்னிக்கு சுட்டிருக்கலாம். அஞ்சடில வந்து குந்திச்சி. என்னப் பாத்துச்சிடி அது."

பாஞ்சாலி அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. சூடாக டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "மார்க்கெட்டுக்கே போலாம், வுடு" என்றாள்.

"போலாம். ஆனா ரவை வோணாம்."

"ரவை இல்லன்னா அவ கண்டுபுட்சிடுவா."

"கேட்டா சொல்லிடறேன்."

"இன்னான்னு?"

"எல்லாத்தையும்."

பாஞ்சாலி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அலமாரியில் கைவிட்டு, ரவை இருந்த தைல டப்பாவை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் பின்பக்கம் போய் அதை ஆற்றில் எறிந்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையிலிருந்து வாத்து வந்தது. பாஞ்சாலி மிளகைக் கொஞ்சம் தாராளமாக வைத்து அரைத்து, சின்ன வெங்காயம் போட்டு, மண்சட்டியில் குழம்பு வைத்தாள். வாசனை சந்து முனையைத் தாண்டிப் போனது. பதினொரு மணிக்கு இசக்கியம்மாள் ஒரு பெட்டி தூத்துக்குடி மக்ரூனோடு வந்து இறங்கினாள். ஜவஹர் கடையை விட்டு வர முடியவில்லை. வேட்டைக்காரன் வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம் என்று ஊரெல்லாம் பெருமை அடித்து வைத்திருந்தவள் அவள். அன்றைக்கு மட்டும் சட்டியை எட்டிப் பார்த்து, "பாவம் சேராம பாத்துக்கிட்டியளா சம்மந்தி?" என்று கேட்டாள். டில்லிபாபு தலையை மட்டும் ஆட்டினான்.

கயலுக்குத் தட்டு வைத்தார்கள். சுடுசோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, நெஞ்சுக்கறித் துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். நாக்கால் துழாவினாள். இன்னொரு துண்டு எடுத்தாள். டில்லிபாபு அவள் தாடையையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"இன்னா நைனா, ரவையே காணோம்?"

"இல்ல கண்ணு."

"ரவை இல்லாம எப்டி சுட்ட?"

"சுடல." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இது சைதாப்பேட்டை வாத்து. நான் இதையும் சுடல, எதையும் சுட்டதில்ல. நீ சின்ன புள்ளையா இருக்க சொல்ல துன்னதும் நான் சுட்டது இல்ல. பானைய தலைல கவுத்துகினு, தண்ணிக்குள்ள போயி, காலப் புட்சி இஸ்த்துகினு வருவேன். துப்பாக்கி சும்மா, கெத்துக்கு. ரவைய உங்க அம்மா ஊசியால குத்தி வெப்பா."

கயல் அம்மாவைப் பார்த்தாள். பாஞ்சாலி அடுப்பைப் பார்த்தாள்.

டில்லிபாபு நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். "போன தபா நீ போன்ல கேட்டப்ப சிரிச்சேன் இல்ல? எனக்கு சுடத் தெரியாதுன்னு சொல்ல வெக்கம் கண்ணு. அதான் சிரிச்சேன். அன்னிக்கே நெஜத்த சொல்லி, ஒரு மார்க்கெட் வாத்த வாங்கியாச்சும் குடுத்திருந்தா, அந்தப் புள்ள..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயசு ஆள், சோற்றுத் தட்டுக்கு முன்னால், சம்மந்தி எதிரில், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

முதலில் பேசினது இசக்கியம்மாள்தான். "ஐயோ சம்மந்தி, அது நான் சொன்ன வார்த்தையில்லா? ஆஸ்பத்திரியில வச்சு ஏதோ கோட்டித்தனமாச் சொன்னேன். அதையா ரெண்டு வருசமா மனசுல வச்சிருக்கிய? என் நாக்கத்தான் அறுக்கணும்."

"அழாத நைனா" என்றாள் கயல். எச்சில் கையோடு எழுந்திருக்கப் பார்த்தாள், வயிறு விடவில்லை. இடது கையை நீட்டி அவன் முழங்காலைப் பிடித்தாள். "அந்தப் புள்ளைக்கும் கறிக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டிச் சொன்னாங்க. நான் அழுதுட்டு வுட்டுட்டேன். நீ இன்னும் தூக்கினு திரியறியா? அதான் துன்னாம கொள்ளாம எளச்சிகினே போறியா? வாயு வாயுன்னு சொன்னியே, இதானா அந்த வாயு?"

டில்லிபாபு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனுக்கு ஆசை தீரலியே கண்ணு. நான் சுட்டதுன்னு தான கேட்ட" என்றான்.

கயல் பதில் சொல்வதற்குள் இசக்கியம்மாள் ஒரு சந்தேகத்தோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "இருங்க சம்மந்தி. பறக்குத பறவைய, தண்ணிக்குள்ள போயி, வெறுங்கையால புடிச்சியளா?"

"ஆமாங்க."

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

"அடப் பாவி மனுசா! துப்பாக்கி இருந்தா எந்தக் கோட்டிக்காரப் பயலும் சுட்டுட்டுப் போவான். கையால புடிக்கதுக்கு எத்தன பேரு இருக்கான் இந்த மெட்ராசுல? இதப் போயி மறச்சிட்டு, ஒண்ணுக்கும் ஆகாத துப்பாக்கியச் சொமந்திருக்கியரே!"

இருபது வருஷத்தில் இப்படி ஒரு கோணம் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பாஞ்சாலிக்கும் தோன்றவில்லை. அவள் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கரண்டியைப் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தாள். கயலும் சிரித்தாள். சிரிப்பில் வயிறு குலுங்கவே, "யம்மா, வலிக்குது, சிரிக்க வெக்காத" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தாள்.

"பானைய எப்டி நைனா கவுத்துப்ப? மூச்சு முட்டாது?"

"ஓட்ட போட்டு வெச்சிருப்பேன்."

"வாத்து கத்தாது?"

"கத்தற வரைக்கும் வுட்டாத்தான?"

"அம்மா" என்று கயல் தட்டை நீட்டினாள், "அந்த நெஞ்சுக்கறி இன்னும் ரெண்டு துண்டு வெய். காலும் ஒண்ணு வெய்."

பாஞ்சாலி வைத்தாள். கயல் பிசைந்து, உருட்டி, நிதானமாக ஒவ்வொரு எலும்பாக உறிஞ்சிச் சாப்பிட்டாள். குழம்பை மறுபடி ஊற்றச் சொன்னாள். இசக்கியம்மாள், "மெல்லத் தின்னுளா, யாரும் புடுங்க மாட்டாவ" என்றாள். கடைசியில் தட்டில் துளி குழம்பு மிச்சமில்லாமல் விரலால் வழித்து நக்கிவிட்டு, கயல் சுவரில் சாய்ந்து ஒரு ஏப்பம் விட்டாள்.

"ஆசை தீந்துடுச்சி நைனா" என்றாள். "நீ துன்னு இப்ப."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஆறுதலுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. நன்றாகச் சாப்பிட்டுக் கண் சொருகுகிற முகம். டில்லிபாபு தட்டை இழுத்து வைத்துக்கொண்டான். முதல் வாய், இரண்டாம் வாய், மூன்றாம் வாய் உள்ளே போனது. பாஞ்சாலி கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டாள், அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.